சவரக்கத்திக்கு ஒரு சிலேட்டுக் கல்: பொறுக்குவது முதல் தீட்டுவது வரை

சலூனில் பாதி பிளேடை ஒடித்துச் சொருகி மழிக்கிறார்களே, அந்தக் கத்திக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. அதில் தீட்ட ஒன்றுமில்லை. பிளேடு மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டியதுதான். இங்கே பேசப்போவது முழு எஃகில் அடித்த மடக்குச் சவரக்கத்தியைப் பற்றி. தாத்தா காலத்து அடைப்பத்தில் (சவரச் சாமான் பையில்) கிடைத்ததோ, பழைய இரும்புக் கடையில் பொறுக்கியதோ, சோலிங்கன், ஷெஃபீல்டு என்று முத்திரை பார்த்து இணையத்தில் வாங்கியதோ, எதுவானாலும் சரி.

இப்படி ஒரு கத்தி கைக்கு வந்ததும் அடுத்து எல்லோரும் செய்வது கல்லுக்கு விலை பார்ப்பது. ஜெர்மன் கல், பெல்ஜியம் கல், ஜப்பான் கல் என்று பார்த்துவிட்டு, கத்தியைவிடக் கல் பல மடங்கு விலை என்று தெரிந்ததும் ஆசையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். நகரி, புத்தூர், சித்தூர் என்று ஆந்திர எல்லையில் இருக்கிற நமக்கு அந்தக் கவலை வேண்டாம். ஆந்திராவின் மார்க்காபுரம் சிலேட்டுக்குப் பேர்போன ஊர். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் பலகையாகப் போன கல், இப்போது தரைக்கும் சுவருக்கும் பதிக்கிற கல்லாக வருகிறது. அதில் நல்ல துண்டு ஒன்றைப் பொறுக்கி ஒருநாள் உட்கார்ந்து ஒழுங்கு பண்ணினால் கடைசித் தீட்டுக்கான கல் தயார். கடைசித் தீட்டுக்கு மட்டும்தான், மறந்துவிட வேண்டாம். மழுங்கின கத்தியைச் சிலேட்டிலேயே ஆரம்பித்துக் கூராக்கிவிடலாம் என்று நினைத்தால் கை வலிக்குமே தவிர கத்தி மழிக்காது.

கல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதில் பெரிதாக ஒன்றுமில்லை. அது சிலேட்டுதானா, முகம் தட்டையாக இருக்கிறதா, உள்ளே கடினமான துகள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

கடப்பாவா, சிலேட்டா?

கல் விற்கிற டிப்போவுக்குப் போய், “சிலேட்டுக் கல்லு உடைசல் இருக்கா அண்ணா?” என்று கேளுங்கள். “எதுக்கு?” என்பார். கத்தி தீட்ட என்று சொன்னால் பெரும்பாலும் கடப்பா கல்லைத்தான் காட்டுவார். கறுப்பாக, வழவழவென்று, சல்லிசாக இருக்கும். பார்த்தால் சிலேட்டு மாதிரியே தெரியும். வாங்காதீர்கள்.

கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. அதில் முக்கியமாக இருப்பது கால்சைட். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அது வெறும் 3. கடினப்படுத்திய எஃகை அறுக்க அதற்குப் பலம் போதாது. சிலேட்டு வேறு. களிமண் சேறு படிந்து இறுகி, பிறகு பூமிக்குள் அழுத்தத்திலும் சூட்டிலும் மாறி உருவான கல் அது. அபிரகமும் குளோரைட்டும் மிக நுண்ணிய குவார்ட்ஸ் துகள்களும் அதில் கலந்திருக்கும். எஃகை அறுப்பது அந்தக் குவார்ட்ஸ். மோஸ் அளவில் 7. துகள் எவ்வளவு பொடிசோ கத்தி வாய் அவ்வளவு மிருதுவாக வரும். ஜெர்மனியின் துரிங்கியா பகுதியிலும் வேல்ஸிலும் எடுத்த சவரக் கற்களும் இதே சிலேட்டுக் குடும்பம்தான். பெல்ஜியத்தின் பேர்பெற்ற மஞ்சள் கல் கொஞ்சம் வேறு ஜாதி, அதில் அறுக்கிற வேலையைச் செய்வது நுண்ணிய கார்னெட் மணிகள்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. சமையலறை மேடையில் கடப்பா பதித்தவர்களுக்குத் தெரியும், எலுமிச்சைச் சாறு சிந்தி அப்படியே விட்டால் அந்த இடம் பளபளப்புப் போய் வெளிறிவிடும். அமிலம் சுண்ணாம்பைத் தின்கிறது. கல்லின் ஓரத்தை ஓர் ஆணியால் கீறிப் பொடியாக்கி, கழிவறை கழுவும் ஆசிட்டில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. சும்மா கிடந்தால் சிலேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். இதைத் திறந்த வெளியில், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். இன்னொரு அடையாளம், சிலேட்டின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் ஏடு ஏடாகப் பிளக்கும் தன்மை தெரியும்.

டிப்போவில் பொறுக்கும்போது

உடைசல் குவியலில்தான் தேட வேண்டும். முழுக் கல் வாங்கத் தேவையில்லை. 20 செ.மீ. நீளமும் 6 அல்லது 7 செ.மீ. அகலமும் கிடைத்தால் வசதி. 15-க்கு 5 செ.மீ. இருந்தாலும் வேலை நடக்கும். தடிமன் 15 மி.மீ. இருந்தால் நல்லது, தரைக்குப் பதிக்கிற கல் அதைவிட மெல்லிசாகத்தான் இருக்கும், அதற்கு வழி பின்னால் சொல்கிறேன்.

ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு துண்டையும் நனைத்துப் பாருங்கள். நனைந்ததும் கல்லுக்குள் இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்: வெள்ளைக் கோடுகள், துருநிறப் புள்ளிகள், தங்கம் போல மின்னும் சின்னக் கட்டங்கள். அந்த மின்னல் பைரைட். அழகாக இருக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள்; கத்தி வாயில் பல் விழ வைப்பது அதுதான். வெள்ளைக் கோடு பெரும்பாலும் குவார்ட்ஸ் அல்லது கால்சைட் ஓடிய நரம்பு. முகத்தின் நடுவே ஓடினால் அந்தக் கல் வேண்டாம். ஓரமாக இருந்தால் அறுத்துத் தள்ளிவிடலாம். ஒரே நிறமாக, ஒரே சீராக, பார்க்கச் சுவாரசியமே இல்லாமல் இருக்கிற கல்லே நமக்கு வேண்டியது.

ஊற்றின தண்ணீரைச் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டால் கல் தளர்வானது, கீழே வையுங்கள். மேலேயே கொஞ்ச நேரம் நின்றால் இறுக்கமான கல். பிறகு இரண்டு விரலில் தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்தால் உள்ளே விரிசல் இல்லை. மந்தமாக ஒலித்தால் ஏடு எங்கேயோ பிரிந்திருக்கிறது.

கடைசியாகப் பேனாக்கத்தியை வைத்து ஒரு சோதனை. முகத்தில் கொஞ்சம் சமமான இடமாகப் பார்த்து நனைத்து, கத்தியைப் படுக்க வைத்து நாலைந்து முறை மெதுவாக இழுங்கள். கண்ணைவிடக் காதும் விரல்களும் இங்கே முக்கியம். சீரான ஒரு சலசலப்பு மட்டும் கேட்டால் நல்லது. நடுவில் எங்காவது ‘கிரிச்’ என்று தட்டினால் அந்த இடத்தில் கடினத் துகள் இருக்கிறது. தண்ணீரைப் பாருங்கள், சாம்பல் கறுப்பாக மாறினால் கல் எஃகை அறுக்கிறது. நிறமே மாறவில்லை என்றால் அது வழவழப்பான கல், அவ்வளவுதான்.

ஒரே லாரியில் வந்த கல்லிலேயே ஒன்று நன்றாகவும் பக்கத்தில் இருந்தது உதவாததாகவும் இருக்கும். அதனால் நாலைந்து துண்டாக எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். உடைசலுக்குப் பெரிதாகக் காசு கேட்க மாட்டார்கள். பரணில் பழைய கல் சிலேட்டு கிடந்தால் அதையும் சோதித்துப் பாருங்கள். தகரச் சிலேட்டும் அட்டைச் சிலேட்டும் ஆகாது.

அறுப்பதும் ஒட்டுவதும்

அளவுக்கு அறுக்கிற வேலையை டைல்ஸ் போடுகிறவரிடம் கொடுத்துவிடலாம். ஒரே நிபந்தனை, தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் அறுக்க வேண்டும். இது கல் உடையாமல் இருப்பதற்காக மட்டும் சொல்வதல்ல. சிலேட்டுத் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ். வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. மத்தியப் பிரதேசத்து மந்த்சோரில் சிலேட்டுக் குச்சி அறுக்கும் தொழிலாளிகள் எத்தனையோ பேர் அந்த நோயால் செத்திருக்கிறார்கள். நமக்கு ஒருநாள் வேலைதான் என்றாலும் பழக்கத்தை முதலிலேயே சரியாக வைத்துக்கொள்வோம். அறுப்பது, தேய்ப்பது எல்லாமே ஈரத்தில். சிந்தின சேறு காய்ந்து தூளாகும் முன் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அந்தச் சேற்றைத் தொட்டிக் குழாயில் கொட்ட வேண்டாம், அடியில் போய்ச் சிமெண்டாக இறுகிக்கொள்ளும். செடிக்கு ஊற்றலாம்.

அறுக்கும்போது மிஞ்சுகிற துண்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒன்றை எடுத்து வையுங்கள். அதுதான் உரசுகல். பிறகு தேவைப்படும்.

கல் மெல்லிசாக இருந்தால் ஒரு கிரானைட் துண்டின் மேல் அரால்டைட் தடவி ஒட்டிவிடுங்கள். மரப்பலகையில் ஒட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் தண்ணீரில் மரம் வீங்கும், கூடவே கல்லும் வளையும். கிரானைட்டுக்கு இந்த எல்லையில் பஞ்சமா என்ன, குப்பம் பக்கம் போனால் குவாரிதான். ஒட்டின பிறகு நாலு பக்கமும் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். வீட்டில் இருக்கிற நகப்பூச்சும் போதும். ஏடுகளுக்கு இடையே தண்ணீர் இறங்கிக் கல் உரியாமல் அது காக்கும். மேல் முகத்தில் மட்டும் படக்கூடாது.

தட்டையாக்குதல்

பொறுமை வேண்டியது இங்கேதான். கையில் இருப்பது பிளந்த கல். முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். சவரக்கத்தியின் வாய் எந்த இடத்திலும் கல்லை விட்டு எழும்பக்கூடாது, அதனால் ‘ஏறக்குறையத் தட்டை’ என்பதெல்லாம் இங்கே செல்லாது.

தேவை ஒரு தட்டையான அடித்தளம். 8 அல்லது 10 மி.மீ. கனமான கண்ணாடி, இல்லையென்றால் பாலிஷ் போட்ட கிரானைட் பலகை. அதன்மேல் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் கறுப்பு வாட்டர் பேப்பரை நனைத்துப் பரப்புங்கள், தானே ஒட்டிக்கொள்ளும். 80 அல்லது 120 எண் தாளில் ஆரம்பம். எண் ஏற ஏற மணல் பொடிசு, கல்லுக்கும் இதே கணக்குத்தான். மரத்துக்குப் போடும் சாதாரண உப்புத்தாள் வேண்டாம், தண்ணீர் பட்டால் பிய்ந்துவிடும்.

கல்லின் முகம் முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். நனைத்து, தாளின்மேல் கவிழ்த்து, எட்டுப் போடுகிற மாதிரி சுற்றித் தேயுங்கள். கொஞ்சம் தேய்த்ததும் திருப்பிப் பாருங்கள். கோடு அழிந்த இடம் மேடு, கோடு நிற்கிற இடம் பள்ளம். எல்லாக் கோடும் அழிகிற வரை தேய்க்க வேண்டும். நடுவில் கல்லை அரைச் சுற்றுத் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் கை ஒரு பக்கமே அதிகமாக அழுத்தும், அது நமக்கே தெரியாது. கோடு எல்லாம் போனபின் மறுபடி கோடு போட்டு இன்னொரு சுற்று. அந்த முறை நாலைந்து தேய்ப்பிலேயே எல்லாக் கோடும் ஒன்றாக மறைந்தால் தட்டையாகிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் 220, 400, 600, 1000 என்று தாளை மாற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தாளுக்கும் முன்பு கல்லையும் கண்ணாடியையும் கையையும் நன்றாகக் கழுவுங்கள். 80-ம் எண் மணல் ஒன்று 1000 தாளில் ஒட்டிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியதுதான். முந்தின தாளின் கீறல் முழுக்க மறைந்த பிறகே அடுத்த தாள். உரசுகல்லின் ஒரு முகத்தையும் கூடவே தட்டையாக்கிவிடுங்கள்.

1000 முடிந்ததும் கல்லின் நாலு ஓரத்தையும் 400 தாளால் சாய்வாகத் தேய்த்து மழுக்குங்கள். கூரான ஓரம் இருந்தால் கத்தியும் கெடும், கையும் கிழியும். கடைசியாக ஒரு பழைய உளியையோ தடித்த கத்தியையோ முகத்தில் வைத்துத் தண்ணீர் விட்டு நிறையத் தேய்த்தால் முகத்தில் இன்னொரு மெருகு ஏறும். வாட்டர் பேப்பர் விட்ட சொரசொரப்பு அப்போதுதான் முழுக்க அடங்கும். தாள் தேய்த்ததோடு நிறுத்திவிட்டு, கல் சரியில்லை என்று குறை சொல்கிறவர்கள் அதிகம்.

கத்தியைப் படித்தல்

கல்லைத் தொடும் முன் கத்தியைப் பாருங்கள். சவரக்கத்தியில் முதுகு தடித்திருப்பது சும்மா இல்லை. கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் தொடும், தீட்டும் கோணம் தானாக அமைந்துவிடும். வாயிலிருந்து முதுகு வரை 20 மி.மீ., முதுகின் தடிமன் 5.8 மி.மீ. என்றால் வாயின் மொத்தக் கோணம் 17 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. சமையல் கத்தி தீட்டுகிறவர்கள் கோணம் பிடிக்கப் படும் பாடு இங்கே கிடையாது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: எந்த நிலையிலும் முதுகைத் தூக்கக்கூடாது.

முதுகு தேயாமல் இருக்க இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டுவதுண்டு. ஒட்டுவதா வேண்டாமா என்று ஆளுக்கொரு கட்சி. என் கட்சி, பழைய அலங்காரக் கத்தி என்றால் ஒட்டுங்கள், மற்றதற்கு வேண்டாம். ஒட்டினால் முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை ஒட்டியே செய்ய வேண்டும். நடுவில் எடுத்தால் கோணம் மாறிவிடும். டேப் தேய்ந்தால் புதிதாக மாற்றுங்கள்.

நகை செய்கிறவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிற 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கல்லுக்குச் செலவு செய்ய நினைத்த காசில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். வாய் ஓரமாக இரண்டு பக்கமும் மெல்லிய சரிவு மின்னும். அந்தச் சரிவு அடி முதல் நுனி வரை விட்டுப்போகாமல் இருக்கிறதா, இரண்டு பக்கச் சரிவும் நேராகச் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். வாயை நேராக விளக்கைப் பார்த்துப் பிடித்தால் எங்காவது ஒளி தெறிக்கிறதா? தெறிக்கிற இடம் மழுங்கின இடம். கூரான வாய்க்கு ஒளியைத் திருப்பிக் காட்ட இடமே இல்லை.

துரு வாய் வரை தின்றிருந்தாலும், வாயில் விரிசல் ஓடியிருந்தாலும் அந்தக் கத்தியை விட்டுவிடுங்கள். சல்லிசாக இணையத்தில் விற்கும் புதுக் கத்திகள் பலவற்றில் எஃகே சரியாகக் கடினமாகியிருக்காது. எவ்வளவு தீட்டினாலும் நாலு மழிப்புக்கு நிற்காது.

சிலேட்டுக்கு முன்னால்

முதல் வேலை சரிவை அமைப்பது. அதற்கு 1000 எண் செயற்கைக் கல். இணையத்தில் கிடைக்கும் ஜப்பானியக் கல் எதுவும் போதும். அதையும் முதலில் தட்டையாக்குங்கள். சரிவின் மேல் மார்க்கர் பேனாவால் மை பூசி, இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள் (இழுக்கிற முறை அடுத்த பகுதியில் இருக்கிறது). மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. வாயின் விளிம்பு வரை மை அழிகிற வரைக்கும் இந்தக் கல்தான். நீரில் நனைத்த கட்டைவிரல் நகத்தின் மேல் வாயை, அழுத்தாமல், அதன் எடையில் மட்டும் இழுத்தால் அடி முதல் நுனி வரை ஒரே மாதிரி பற்ற வேண்டும். முன்கை முடியைத் தோலோடு ஒட்டி மழிக்க வேண்டும். இது வராமல் அடுத்த கல்லுக்குப் போகவே போகாதீர்கள். கத்தி மழிக்கவில்லை என்று வருகிற புகாரில் பெரும்பகுதி இங்கே அவசரப்பட்டதால் வருவது. பழி மட்டும் கடைசிக் கல்லின் மேல் விழும்.

பிறகு 4000 அல்லது 5000, அதன்பின் 8000. ஒவ்வொன்றிலும் முந்தின கல்லின் கீறல் லென்ஸில் மறைகிற வரை. இதோடு நிறுத்திவிட்டுக்கூட மழிக்கலாம், ஆனால் கன்னம் கொஞ்சம் எரியும். அந்த எரிச்சலை எடுக்கத்தான் சிலேட்டு.

சிலேட்டில் தீட்டுதல்

கல்லை ஈரத்துணியின் மேல் வையுங்கள், நழுவாது. தண்ணீர் தெளித்து, சந்தனம் இழைப்பது போல உரசுகல்லால் மெதுவாகத் தேயுங்கள். கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறப் பால் ஊறும். எண்ணெய் வேண்டாம், அதுவும் தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். ஒருமுறை எண்ணெய் ஊறின கல்லை மறுபடி தண்ணீருக்குக் கொண்டுவருவது பெரிய தொல்லை.

இந்தப் பாலில் இருப்பது கல்லிலிருந்து உதிர்ந்த துகள்கள். அவை உருண்டு ஓடிச் சீக்கிரம் அறுக்கும். ஆனால் அதே துகள்கள் எதிரே வருகிற வாயிலும் மோதும், அதனால் கெட்டிப் பாலில் எவ்வளவு நேரம் தீட்டினாலும் ஓர் அளவுக்கு மேல் கூர் ஏறாது. ஆகவே கெட்டியில் ஆரம்பித்து, தண்ணீர் சேர்த்துச் சேர்த்து நீர்க்க வைத்து, கடைசியில் வெறும் தண்ணீரில் முடிக்க வேண்டும். முழு வித்தையும் இந்த நீர்க்க வைப்பதில்தான் இருக்கிறது.

கத்தியைப் பிடிப்பது எப்படி? பிடியைத் திறந்து நேராக்கி, வாய்க்கும் பிடிக்கும் நடுவே உள்ள கழுத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். முழங்கை தளர்வாக இருக்கட்டும். கத்தியைப் படுக்க வைத்து, வாய் முன்னே போகும்படி தள்ளுங்கள். கல்லின் அகலத்தைவிடக் கத்தி வாய் நீளம், அதனால் தள்ளும்போதே குறுக்காகவும் இழுக்க வேண்டும். அடியில் ஆரம்பித்தால் கல்லின் மறுமுனைக்குப் போகும்போது நுனி கல்லில் இருக்கும். அங்கே போனதும் முதுகைக் கல்லை விட்டு எடுக்காமல் முதுகின் மேலேயே உருட்டித் திருப்பி, மறுபக்கத்தை அதே மாதிரி உங்கள் பக்கமாகக் கொண்டுவாருங்கள். ஒருபோதும் வாயின் மேல் புரட்டாதீர்கள். அதுவரை செய்தது ஒரு நொடியில் போய்விடும். போய்வருவது ஓர் இழுப்பு என்று கணக்கு. அடியில் கழுத்தை ஒட்டித் தடித்த பகுதி இருக்கும், அது கல்லில் ஏறினால் வாய் எழும்பிவிடும். கல்லின் ஓரத்துக்குக் கொஞ்சம் வெளியே அதை விட்டுவிடுங்கள்.

கெட்டிப் பாலில் 30 இழுப்பு, கையின் எடை மட்டும். பிறகு விரலை நனைத்து நாலைந்து சொட்டு விடுங்கள், இன்னொரு 20. மறுபடி சொட்டு, மறுபடி 20. நீர்க்க நீர்க்க அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பால் வெறும் கலங்கல் தண்ணீரான பிறகு கல்லைக் கழுவி, கத்தியையும் துடைத்து, சுத்தமான தண்ணீரில் 50 முதல் 100 இழுப்பு. இப்போது கத்தியின் எடை மட்டும்தான். விரல்கள் அதை வழிநடத்தினால் போதும்.

தண்ணீரைக் கவனித்தால் நிறையச் சொல்லும். வாய் கல்லில் நன்றாகப் படிந்திருந்தால் முன்னே இருக்கிற தண்ணீர் வாயின் நீளம் முழுக்க ஒரே கோடாக எழும்பிக் கத்தியின் மேல் ஏறும். ஒரு பகுதியில் மட்டும் ஏறாமல் கத்திக்கு அடியில் நழுவிப் போனால் அங்கே வாய் தொடவில்லை. கடைசிக் கட்டத்தில் கத்தி கல்லோடு லேசாக ஒட்டி இழுக்கிற மாதிரி இருக்கும், சத்தமும் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் அப்படி வந்தால் நிறுத்தலாம்.

வார்

கல்லிலிருந்து நேராக முகத்துக்குப் போகக்கூடாது. தோல் வாரில் துடைக்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. தோலுக்கு அலையத் தேவையில்லை. 6 அல்லது 7 செ.மீ. அகலம், அரை மீட்டர் நீளம், 3 மி.மீ. கனத்தில் மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் கேளுங்கள். மேலே பெயின்ட் பூசிய தோல் உதவாது. ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் வாய் உருண்டுவிடும்.

இங்கே திசை தலைகீழ்: முதுகு முன்னே, வாய் பின்னே. திருப்புவது இங்கேயும் முதுகின் மேல்தான். முதலில் பழைய வேட்டித் துணியை மடித்து அதில் 20, பிறகு தோலில் 50. வேகம் வேண்டாம். அந்தக் காலச் சலூனில் சடசடவென்று வாரடித்ததை நினைத்து அதே மாதிரி செய்யப் போனால் முதல் வாரம் வாரில்தான் வெட்டு விழும்.

முகத்தில் வைத்த பிறகு

வெந்நீரில் முகம் கழுவி, நுரை நன்றாகப் போட்டு, கன்னத்தில் முடி வளர்ந்த திசையிலேயே 30 பாகை சாய்வில் மழியுங்கள். தாடையும் மேலுதடும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெட்டினால் படிகாரம் கையருகே இருக்கட்டும்.

கத்தி முடியைப் பிடித்து இழுத்தால் குறை சிலேட்டில் இல்லை, 1000 எண் கல்லில். திரும்பிப் போங்கள். மழிக்கிறது ஆனால் எரிகிறது என்றால் சுத்தத் தண்ணீரில் இன்னும் 50 இழுப்பு, கை இன்னும் லேசாக. ஒரே இடத்தில் மட்டும் சுருக்கென்று கீறினால் லென்ஸில் பாருங்கள், சின்னப் பல் விழுந்திருக்கும். அப்படியானால் கல்லில் ஏதோ துகள் இருக்கிறது. அந்தக் கத்தியை மெதுவாக இழுத்துத் தேடினால் இடம் அகப்படும். மேலாக இருந்தால் ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி தட்டையாக்கலாம். நரம்பாக ஓடினால் அந்தக் கல்லை அரிவாள்மணைக்குக் கொடுத்துவிட்டு, எடுத்து வைத்த அடுத்த துண்டைப் பாருங்கள்.

ஒரு கத்தி ஒருவருக்கு மட்டும். மஞ்சள் காமாலை வைரஸான ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ரத்தத்தின் வழியே பரவுபவை. சலூன்கள் பிளேடுக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் அண்ணன் தம்பிதானே என்றுகூடக் கொடுக்க வேண்டாம்.

மழித்ததும் கழுவித் துடைத்து, கொஞ்ச நேரம் திறந்தே வைத்துவிட்டு மடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும், அப்போது தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். தினமும் மழிக்கிறவருக்கு வார் மட்டுமே பல வாரம் தாங்கும். கத்தி மறுபடி இழுக்க ஆரம்பித்தால் 1000 வரை போகத் தேவையில்லை, சிலேட்டில் நீர்த்த பாலிலிருந்து தொடங்கினால் போதும். பத்துப் பதினைந்து முறை தீட்டியதும் பென்சில் கோடு போட்டு 600, 1000 தாளில் கல்லை ஒருமுறை சரிபாருங்கள். கழுவின கல்லை நிழலில் நிமிர்த்தி வைத்துக் காய விடுங்கள். வெயிலில் போட்டால் ஏடு பிரியும்.